உருளைக்கிழங்கை அடுப்பில் வை

1

இந்தக் கதை ஒரு மனிதரின் பல்லிலிருந்து பிறந்தது. சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன். போன ஜனவரியில், நான் குடியேறிய வடகோடிக் குளிர் ஊரான ஔலுவில், ஆஸ்பத்திரி பஸ் நிறுத்தத்தில், எனக்குப் பக்கத்தில் நின்றிருந்த வயதான ஒருவரின் போன் அடித்தது. மைனஸ் இருபதுக்கும் கீழே குளிர். அவருடைய ஒரு கையில் கடைப் பை. மறு கையிலிருந்த தடித்த கையுறையைப் பல்லால் கடித்து இழுத்தார். வெறும் விரலைக் கண்ணாடித் திரையில் தேய்த்தார். கையுறை வாயிலேயே தொங்க, "ம்ம், ம்ம்" என்று பேச ஆரம்பித்தார். அதற்குள் என் பஸ் வந்துவிட்டது.

அந்த மனிதர் மட்டும்தான் நான் கண்ணால் பார்த்தது. மற்றதெல்லாம் நான் இட்டுக்கட்டியது. இந்த ஊரில் போன் கம்பெனியில் வேலை பார்க்காதவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்ற காலத்தில் நானும் ஒன்றில் இருந்தேன், போனுக்குள் தமிழ் எழுத்துகளை ஏற்றும் வேலை. ஆனால் கதையில் வரும் குவோவி கம்பெனி அது அல்ல. குவோவி என்பது வசந்தத்தில் எங்கள் வயல்களுக்கு வரும் நீளமூக்குப் பறவை. அந்தப் பெயரில் ஒரு கம்பெனியை நானே கட்டி, நானே நஷ்டத்தில் தள்ளியிருக்கிறேன்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

"ஔலுவில் பனி பெய்துகொண்டிருந்தது."

அடித்துவிட்டேன். ஔலுவில் பனி பெய்தது என்று எழுதுவதும் வேலூரில் வெயில் அடித்தது என்று எழுதுவதும் ஒன்றுதான். அடுத்து:

"கடைசிக் காலாண்டில் குவோவி நிறுவனத்தின் சந்தைப் பங்கு கணிசமாகச் சரிந்ததற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவதாக—"

முதலாவதாக, நீங்கள் கொட்டாவி விட்டிருப்பீர்கள். ஆனால் விஷயத்தைச் சொல்லாமலும் இருக்க முடியாது. ஆகவே சுருக்கமாக. ஒரு காலத்தில் உலகத்துக்கே பொத்தான் போன் விற்ற கம்பெனி குவோவி. பிறகு எங்கோ தூரத்தில் யாரோ பொத்தானே இல்லாத கண்ணாடிப் போன் கொண்டுவந்தார்கள். குவோவிக்காரர்கள் அதில் ஒன்றை வாங்கி வந்து பிரித்து மேய்ந்தார்கள். அவர்களால் செய்ய முடியாதது எதுவும் அதற்குள் இல்லை. அப்படியும் செய்யவில்லை. காரணம், அந்தக் கண்ணாடிக்கு வெறும் தோல் வேண்டும். கையுறை போட்ட விரலை அது மதிப்பதே இல்லை.

"அப்ப இது போனே இல்ல" என்று முடிவு கட்டிவிட்டார்கள். வருஷத்தில் பாதி நாள் கையுறைக்குள் இருப்பவர்களால்தான் இப்படி ஒரு முடிவுக்கு வர முடியும். நல்ல மனிதர்கள், கெட்டிக்காரர்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

3

இங்கே மொட்டை மாடியைச் சொல்ல வேண்டும்.

குவோவியை ஆரம்பித்தவர் தன் முதல் போனை எடுத்துக்கொண்டு, ஒரு ஜனவரி மத்தியானம் தொழிற்சாலை மாடிக்குப் போனார். கையுறையைக் கழற்றாமல் வீட்டுக்கு டயல் செய்தார். மனைவி எடுத்ததும் என்ன பேசுவது என்று தெரியவில்லை. "உருளைக்கிழங்க அடுப்புல வை" என்றார். "வச்சாச்சு" என்று பதில் வந்தது. அந்த இரண்டு வாக்கியங்களும் கம்பெனியின் சட்டமாகிவிட்டன. புதுப் போன் எது வந்தாலும் ஒருவர் மாடிக்குப் போவார், கையுறையோடு தன் வீட்டுக்குக் கூப்பிடுவார், அதையே சொல்வார். "வச்சாச்சு" கேட்டால் போன் கடைக்குப் போகும். கேட்காவிட்டால் பட்டறைக்குத் திரும்பும். பிறகு எல்லாரும் கீழே இறங்கிக் காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் சாப்பிடுவார்கள்.*

* கல்யாணம் ஆகாதவர்கள் அம்மாவைக் கூப்பிட்டார்கள். அம்மாவும் இல்லாத ஒருவன் பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிட, அவன் உண்மையிலேயே போய் உருளைக்கிழங்கை வேகவைத்துவிட்டதாகக் கேள்வி. இதைக் கதைக்குள் வைக்க இடமில்லை, விடவும் மனமில்லை.

பல வருஷங்களாக மாடியில் டயல் செய்தவன் ஓஸ்மோ. பனியிலும் கையுறையிலும் போன் உழைக்குமா என்று பார்க்கும் குளிர்காலச் சோதனைக் கூடத்தின் தலைவன். வீட்டில் எடுத்தவள் அவன் மனைவி டெர்ட்டு. அவளும் குவோவிதான். கம்பெனி எந்தப் பக்கம் போக வேண்டும் என்று யோசித்துச் சொல்கிற துறைக்குத் தலைவி. மாடிச் சோதனை நாளில் மட்டும் மத்தியானமே வீட்டுக்குப் போய்ப் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள்.

[அவன், அவள் என்று எழுதுகிறேனே என்று முகம் சுளிக்க வேண்டாம். இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. ஆனால் இந்த ஊரில் எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லி நீ, வா, போ என்றுதான் பேசுவார்கள், முதலாளி உட்பட. வந்த புதிதில் எனக்கு நாக்கு வரவில்லை. இப்போது பழகிவிட்டது.]

4

கம்பெனி சரிந்துகொண்டே வந்த ஒரு குளிர்காலத்தில் டெர்ட்டு தன் ஆலோசனையைக் கூட்டத்தில் வைத்தாள். கையுறைச் சட்டத்தை விட்டுவிடுவோம். கண்ணாடிப் போன் செய்வோம். குளிர்காலக் கூடத்தை மூடி, அங்கே செலவாகும் பணத்தையும் ஆட்களில் பாதியையும் இதற்குத் திருப்புவோம்.

அந்தக் கூடம் அவள் புருஷனுடையது என்று அறையில் எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை. ஓஸ்மோ அன்று கூட்டத்தில் இல்லை.

(இந்த இடத்தில் நானே கதைக்குள் நுழைகிறேன். எழுதுகிறவனுக்கு அந்த உரிமைகூட இல்லையென்றால் எப்படி?)

கம்பெனித் தலைவன் யால்மாரி மூலையில் இருந்த என்னைப் பார்த்தான்.

"உங்க ஊர்ல குளிருக்கு என்ன போட்டுக்குவாங்க?"

"மஃப்ளர்."

"கைக்கு?"

"கைக்கு ஒண்ணும் கிடையாது. கையில டீ கிளாஸ் இருக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. ஒருவன் அதைக் குறித்துக்கொண்டான்.

டெர்ட்டு சொன்னாள்: "நம்ம போன வாங்குறவங்கள்ல முக்கால்வாசிப் பேர் பனியக் கண்ணால பாத்ததில்ல. நாம நம்ம கைய அளவெடுத்து உலகத்துக்கே கையுறை தச்சுக்கிட்டு இருக்கோம்."

"கூடத்த மூடினா கம்பெனி பொழைச்சிருமா?" என்றான் யால்மாரி.

"தெரியாது. மூடலன்னா பொழைக்காது. அது தெரியும்."

அதற்குப் பிறகு அமைதி. இங்கே அமைதி என்றால் சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை, யோசிக்கிறார்கள் என்று அர்த்தம். இரண்டாவது சுற்றுக் காப்பி வந்து அதுவும் தீர்ந்த பிறகு யால்மாரி எழுந்தான்.

"வெள்ளிக்கிழமை மாடிக்குப் போவோம். கண்ணாடிப் போன்ல மாதிரிக்கு ஒண்ணு செஞ்சு வச்சிருக்கோமில்ல? யோசனை சொன்னவளே டயல் பண்ணட்டும். கையுறையோட ஆகலன்னா ரெண்டே வழி. டெர்ட்டு, போன என் கையில திருப்பிக் குடுத்துடு, இந்தப் பேச்ச இதோட விட்டுடுவோம். இல்ல, எங்க எல்லார் முன்னாடியும் கையுறையக் கழட்டிக் கூப்பிடு. கழட்டினா சட்டம் முடிஞ்சுது. கூடமும்தான். அதுவரைக்கும் யாரும் வெளிய பேச வேண்டாம்."

5

வெள்ளிக்கிழமை காலை. ஓஸ்மோ கம்பு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். டெர்ட்டு காப்பி ஊற்றினாள். அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆபீஸ் பேச்சைப் பூட்ஸோடு சேர்த்து வாசலிலேயே கழற்றிவிடுவார்கள்.

"இன்னிக்கு மாடியில நான்தான்" என்றாள்.

"அப்ப நான் வீட்ல இருக்கணும்."

"ஆமா."

"கண்ணாடியா?"

"ஓஸ்மோ."

"சரி, கேக்கல." ரொட்டியைக் கடித்தான். "ஆனா ஒண்ணு சொல்றேன். அத நான் டெஸ்ட் பண்ணிட்டேன். கம்பளிக் கையுறை, தோல் கையுறை எல்லாத்துலயும் பாத்தாச்சு. செவுத்தத் தட்டுற மாதிரிதான். அசையாது."

அவள் வெண்ணெய்க் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"காட்டு ரோட்டுல வண்டி நின்னுபோச்சுன்னு வை. அவன் கையுறையக் கழட்டித்தான் உதவிக்குக் கூப்பிடணுமா? நியாயமா அது?"

"நியாயம் இல்ல" என்றாள் டெர்ட்டு. மனசாரத்தான் சொன்னாள்.

"கிழங்கு இருக்கா?"

"கீழ் அறையில இருக்கு. சின்னதா பாத்து எடு, பெருசு வேக நேரமாகும்."

இந்த உரையாடலைப் பலமுறை மாற்றி எழுதினேன். ஒரு பிரதியில் அவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். இன்னொன்றில் அவன் மேசையைக் குத்துகிறான். இரண்டையும் கிழித்துப் போட்டேன். அவர்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? அவள் வாயால் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. கையுறையோடு அந்தப் போன் வேலை செய்யாது என்று ஓஸ்மோவுக்கு நிச்சயமாகத் தெரியும், கையுறைச் சட்டம் போனால் கூடமும் போகும் என்பதும். மத்தியானம் வீட்டில் போன் அடிக்காவிட்டால் அவன் கூடம் பிழைத்தது. அடித்தால், தன் மனைவி எல்லார் முன்னாலும் கையுறையைக் கழற்றிவிட்டாள் என்று அந்த மணியே சொல்லிவிடும்.

6

இதுவரை எழுதியதைச் சொர்ணாவிடம் படிக்கக் கொடுத்தேன். சொர்ணா என் மனைவி. குழந்தைகள் காப்பகத்தில் வேலை. குளிர்காலத்தில் பாதி நாள் பிஞ்சுக் கைகளுக்கு உறை மாட்டியே போய்விடும் என்பாள்.

"முடிவு எங்க?" என்றாள்.

"வச்சிருக்கேன். போன் அடிக்குது. ஓஸ்மோ எடுக்கல. அப்படியே உக்காந்திருக்கான். ஜன்னலுக்கு வெளிய—"

"பனி பெய்யுது."

"ஆமா."

"நெனச்சேன்." காகிதத்தைக் கீழே வைத்தாள். "ஏங்க, அந்தம்மா உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு?"

"ஏன்?"

"வேல போறது அந்தாளுக்கு. அவன் மனசு எப்படி நோகும்னு பக்கம் பக்கமா யோசிக்கிறீங்க. அவ அங்க மாடியில நிக்கிறாளே, அவ கைய யோசிச்சீங்களா?"

"கைக்கு என்ன?"

"இருபது வருஷமா இந்த ஊர்ல குப்ப கொட்டுறீங்க, கைக்கு என்னன்னு கேக்குறீங்க! கையுறையக் கழட்டிட்டு, அந்தக் காத்துல, போனப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. அவன் எடுக்குற வரைக்கும் நிக்கணும். நீங்க பாட்டுக்கு அவன உக்கார வச்சு ஜன்னல்ல பனி காட்டுறீங்க. எங்க புள்ளைங்க ஒரு கையுறை தொலைஞ்சாலே என்ன அழுக அழுவுதுங்க தெரியுமா?"

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. டெர்ட்டுவை நான் அதுவரை ஒரு முடிவாக மட்டுமே பார்த்திருந்தேன். அவளுக்கு விரல்கள் இருப்பது என் நினைவில் இல்லை.

அதோடு இன்னொன்றும் பிடிபட்டது. வெறும் விரல் இந்தக் குளிரில் எப்போது மரக்கும், எப்போது எரியும், எப்போது வெளுத்து ஒன்றுமே உணராமல் போகும் என்று இந்த ஊரில் மற்ற எல்லாரையும்விட நன்றாக அறிந்தவன் ஓஸ்மோ. அவன் ஆயுளின் பெரும்பகுதி அதைப் பார்ப்பதிலேயே போயிருக்கிறது.

7

ஆகவே முடிவுகள்.

(அ) ஓஸ்மோ போனை எடுத்து, "உன் புருஷன் கூடத்த நீயே மூடிட்டியா?" என்று கத்துகிறான். வேண்டாம். அவன் கத்தமாட்டான்.

(ஆ) கண்ணாடிப் போன் கடைகளில் பறக்கிறது, குவோவி தலை நிமிர்கிறது, ஓஸ்மோவுக்குப் புதிய— இல்லை. உங்களிடம் பொய் சொல்ல மனமில்லை. ரொம்பத் தாமதமாகிவிட்டது. அது டெர்ட்டுவுக்கும் தெரியும், தெரிந்துதான் கழற்றினாள். பாதிப் பேராவது இன்னும் கொஞ்ச காலம் சம்பளம் வாங்கட்டும் என்றுதான்.

(இ) அவன் எடுக்கவே

இதை முடிக்கவில்லை. சொர்ணா பார்த்தால் அவ்வளவுதான்.

எனக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். மாடியில் டெர்ட்டு நிற்கிறாள். முதலில் கையுறையோடு கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தாள், மறுபடியும் தொட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. யால்மாரி போனைத் திருப்பி வாங்கக் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. வலது கையுறையைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் போட்டாள். மற்றவர்கள் தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஆற்றுப் பக்கமிருந்து காற்று அடிக்கிறது. போனைக் காதில் வைத்திருக்கிறாள்.

வீட்டில் சமையலறையில் மணி அடிக்கிறது. ஓஸ்மோ மேசை முன்னால் உட்கார்ந்திருக்கிறான். சின்னக் கிழங்குகளாகப் பார்த்து எடுத்துவந்து, கழுவி, பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிப் போட்டிருக்கிறான். பாத்திரம் அடுப்பின் மேல் இருக்கிறது. அடுப்பை இன்னும் போடவில்லை. மணி அடித்த அந்த நொடியே அவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தன் கூடம், தன் ஆட்கள், அந்த மாடி, எல்லாம் போயிற்று என்று தெரிந்துவிட்டது. அதைச் செய்தது யார் என்பதும்.

எனக்கு மறுபடி அந்த பஸ் நிறுத்தத்து மனிதர் ஞாபகத்துக்கு வருகிறார். கூப்பிட்டது யாரோ, தெரியாது. ஆனால் கடைப் பையைக் கீழே வைக்கக்கூட அவருக்குப் பொறுமை இல்லை. பல்லால் கடித்து இழுத்தார்.

நான் இதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நான் ஒவ்வொரு வரியாக நீட்டிக்கொண்டே போகும் நேரமெல்லாம் அவள் கை வெளியேதான் இருக்கிறது. இப்போது மேசை முன்னால் உட்கார்ந்திருப்பது நீங்கள். வருத்தம் உங்களுடையது, கோபமும் உங்களுடையது, இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது. மணி இன்னும் அடிக்கிறது. சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை, அது உங்களுக்குத் தெரியும்.