சீனா வண்டிக்குப் போட்ட பூஜை

யாரை நொந்து என்ன பயன்? சீனாக்காரன் செய்த வண்டி அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சந்திரமோகனுக்குத்தான் கை சும்மா இருக்கவில்லை.

அவர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்புக் கம்பெனியில் ஃபிட்டர். மனைவி கெங்கம்மாளுக்குப் பக்கத்துக் கம்பெனி கேன்டீனில் சமையல் வேலை. காலையில் இரண்டு பேரும் அவருடைய பைக்கில் ஒன்றாகப் போவார்கள். அவளுக்கு இரண்டு மணிக்கே வேலை முடிந்துவிடும்; அவருக்கு ஐந்து ஆகும். ஷேர் ஆட்டோ மெயின் ரோட்டோடு சரி. அங்கிருந்து ஊருக்கு நடக்க அவளுடைய முட்டி இடம் கொடுக்காது. ஆகவே ஒன்பது வருஷமாகத் தினமும் மூன்று மணி நேரம் அவருடைய கம்பெனி கேட்டுக்கு வெளியே குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தாள்.

ஒரு சின்ன வண்டி வேண்டும் என்று அவளேதான் கேட்டாள். பஜாரில் இருந்ததிலேயே மலிவான பேட்டரி ஸ்கூட்டரை வாங்கினார்கள். லைசன்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம். நாலே நாளில் ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

"இன்னா கெங்கா, சத்தமே வரல, தள்ளிக்கினு போறியா?" என்று எதிர்வீட்டு மேரி கிண்டலடிப்பாள்.

"வயித்தெரிச்சல் புடிச்சவளே! வந்து பின்னால குந்து, நானே இட்டுக்கினு போறேன்" என்று இவளும் திருப்பிக் கொடுப்பாள்.

இரண்டரைக்கெல்லாம் வீடு. ஃபேனைப் போட்டுக்கொண்டு நாலு மணி வரைக்கும் தூக்கம். கல்யாணமான நாளிலிருந்து பகலில் கண்ணை மூடாத பெண்பிள்ளை! நாலு மாதத்தில் முகமே தெளிந்துவிட்டது.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. சந்திரமோகன் பைக்கைக் கழுவிவிட்டு ஹோஸ் பைப்போடு ஸ்கூட்டர் பக்கம் திரும்பினார்.

"அதுமேல தண்ணிய பீச்சி அடிக்காதய்யா. ஈரத்துணியால தொடச்சா போதும்னு கடைக்காரரு என்னாண்ட சொன்னாரு."

"துணியால தொடச்சா அது இன்னா பூஜை? முப்பது வருஷமா மெஷினோட பொழங்கறவன் நானு. எனக்கே சொல்லிக் குடுக்கறியா?"

சீட்டைத் தூக்கி உள்ளே அடித்தார், கால் வைக்கும் பலகைக்கு அடியிலும் அடித்தார். ஒயர் ஒன்றையும் விடவில்லை. பிறகு சந்தனம், குங்குமம். சார்ஜ் போடும் ஓட்டையில் கூட வழித்து அப்பினார். ஒரு இடம் விட்டுப்போனால் சாமி கோபித்துக்கொள்ளும் பாருங்கள்! எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றலாம் என்று சாவியைத் திருப்பினால் விளக்கே எரியவில்லை. சார்ஜ் இறங்கியிருக்கும் என்று அவரே பிளக்கைச் செருகினார். டப்பென்று ஒரு சத்தம், தொடர்ந்து கருகிய நாற்றம்.

மெக்கானிக் சரவணகுமார் திறந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"பூஜை போட்டீங்களா சார்?"

"ஆமா."

"இந்த வாரத்துல இது ஆறாவது வண்டி. கன்ட்ரோலரும் போச்சு, பேட்டரியும் போச்சு. இந்த மாடலுக்கு பார்ட்ஸ் வர்றதும் நின்னு போச்சு."

தண்ணீர் புகுந்ததற்கு வாரண்டி கிடையாது என்று கடையிலும் கையை விரித்துவிட்டார்கள். கெங்கம்மாள் ஒரு வார்த்தை திட்டவில்லை. நாலு வசவு விட்டிருந்தால் அவருக்கு மனசு ஆறியிருக்கும். அவள் சொன்னதைக் காதில் வாங்காத தன் திமிரைத் தானே திட்டிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலையில் சாப்பாட்டுப் பையுடன் வந்து பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டாள். அவருக்குத் திரும்பிப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"கொஞ்ச நாள் பொறுத்துக்கோ கெங்கா. முன்ன மாரி நானே உன்ன கூட்டிக்கினு வரேன். இன்னா இப்ப?"

"ஒண்ணுமில்ல" என்றாள் அவள். "நீ கூட்டிக்கினு வந்தா உன் டைமுக்கு வரணும். நாலு மாசம் என் டைமுக்கு ஊட்டுக்கு வந்துக்கினு இருந்தேன். அவ்ளோதான். வண்டிய எடு, லேட்டாவுது."