கேதரின் கறிபாப், ஒரு பங்கு அரை வெள்ளி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை குற்ற உணர்ச்சியில் பிறந்தது. நான் ஒரு உருளைக்கிழங்கு மசாலா வைத்துப் பொரிக்கும் கறிபாப் கடைக்கு விலை போட்டேன். கடையே இல்லை. விலை மட்டும் இருந்தது.

மலேசியாவின் லூனாஸில் எங்கள் சர்ச் ஆட்களுக்காக, அதே சர்ச் இளைஞன் பிரெடி கைப்பேசியில் ஒரு பங்குச்சந்தை விளையாட்டு செய்தான். ஆளுக்குப் பத்தாயிரம் பொய் வெள்ளி, அதாவது பொய் ரிங்கிட். யாருக்கு என்ன தொழில் கனவோ, அதைக் கம்பெனியாக்கிப் புதுப் பங்கு வெளியிடலாம். முதல் விலையை நியாயமாகப் போட ஓர் ஆள் வேண்டும். என்னைப் பிடித்தார்கள். தகுதி: கதை எழுதுகிறவன்.*

* என் சிறுகதைத் தொகுப்புக்கு நானே இருபத்தைந்து வெள்ளி போட்டேன். இருநூறு பிரதிகள் கட்டிலுக்கடியில் இருக்கின்றன. விலை தப்பினால் என்ன ஆகும் என்று என்னைவிடத் தெரிந்தவர் லூனாஸில் இல்லை.

2

கேதரினை அறிமுகப்படுத்த எழுதி அடித்தது:

"செம்பனைத் தோட்டத்துக்கு மேல் சூரியன் சாய்கையில், கேதரின் என்னும் ஏழைத் தாய்…"

(ஏழையும் இல்லை, தாயும் இல்லை. படித்தால் மாவுக் கட்டையோடு வருவாள்.)

நேராகச் சொல்கிறேன். வயது முப்பத்தெட்டு. கூலிம் தொழிற்சாலை ஒன்றில் பதினாலு வருடமாக வேலை. ஆராதனை முடிந்ததும் அவள் கறிபாப் தட்டுதான் முதலில் காலியாகும். வேலையை விட்டுவிட்டுக் கடை போட ஆசை. ராஜினாமாக் கடிதம் மூன்று மாதமாகக் கைப்பையில் கிடக்கிறது.

விளையாட்டில் அந்தக் கடையின் பங்கைத்தான் வெளியிட்டாள். மாவு, எண்ணெய், உருளைக்கிழங்கு, வாடகை, ஒரு நாளைக்கு எத்தனை போகும் எல்லாம் கேட்டேன். கூட்டிக் கழித்து, ஒரு பங்கு அரை வெள்ளி என்றேன்.

3

மூன்றாம் நாள் அந்தப் பங்கு நாலு வெள்ளி எண்பது காசு.

"என்ன மோரிஸ் அண்ணே, இவ்ளோ மலிவா போட்டு மானத்த வாங்கிட்டீங்க!" என்றான் பிரெடி.

கேதரின் போன் செய்தாள். "பாத்தீங்களா அண்ணே? எனக்கே நம்ப முடியலலா. திங்கக்கெழம லெட்டர் குடுத்துடப் போறேன்."

கணக்கில் எங்கே தப்பினேன் என்று வாங்குவோர், விற்போர் பட்டியலைத் திறந்தேன். வாங்க நாற்பத்தொரு பேர் விலையை ஏற்றிக்கொண்டே நிற்கிறார்கள். விற்க ஒருவர்கூட இல்லை. எல்லாம் எங்கள் சர்ச் பெயர்கள்.

அப்போதுதான் பரங்கிக்காய் ஞாபகம் வந்தது.

வருடாவருடம் அறுப்பின் பண்டிகைக்கு எங்கள் சர்ச்சில் ஏலம் நடக்கும். போன வருடம் ஒரு பரங்கிக்காயைத் தொண்ணூற்றைந்து வெள்ளிக்கு எடுத்தேன். என் வீட்டில் பரங்கிக்காயை யாரும் தொடமாட்டார்கள். காணிக்கையாகக் கொண்டுவந்த ஆளின் முகத்தைப் பார்த்துத்தான் நாங்கள் ஏலத் தொகையை ஏற்றுவோம். பங்குச்சந்தையையும் அப்படியே ஆடிவிட்டார்கள்.

(கட்டுரை வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.) விற்க ஆளில்லாத இடத்தில் விலை என்று ஒன்று கிடையாது. அங்கே இருப்பது பாசம். பாசத்தை வைத்து மாத வாடகை கட்ட முடியாது.

4

முடிவு அ: நான் வாயை மூடிக்கொள்கிறேன். அவள் கடிதம் கொடுக்கிறாள். கடை அமோகம். (எழுதிய எனக்கே நம்பிக்கை வரவில்லை.)

முடிவு ஆ: நான் வாயை மூடிக்கொள்கிறேன். ஆறாவது மாதம் கடைச் சொந்தக்காரர் வாடகை கேட்டு… (வேண்டாம். என்னால் ஆகாது.)

இரண்டிலும் நான் வாயை மூடிக்கொண்டே இருப்பதைக் கவனித்தீர்களா? எனக்கும் அப்போதுதான் உறைத்தது. கேதரின் வீட்டுக்குப் போக மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

5

"கேதரின், உன் பங்க ஒருத்தரும் விக்கல."

"நல்லதுதானே அண்ணே?"

"வித்துட்டு ஞாயித்துக்கெழம உன் பக்கத்துல எப்படி உக்காருவாங்க?"

மடித்துக்கொண்டிருந்த கறிபாப்பின் ஓரத்தை அவள் முறுக்கி முடித்தாள். அடுத்ததை எடுக்கவில்லை.

"அப்ப என் கறிபாப் நல்லா இல்லங்கிறீங்க."

"நல்லாருக்கு. ஆனா நானும் சர்ச் ஆளுதான். என் வாயையும் நம்பாத."

"போன வாரம் பதினொன்னு சாப்ட்டீங்களே, அதுவும் பொய்யா?"

"அது மட்டும் நெசம்."

சிரித்துவிட்டு, கண்ணை முழங்கையால் துடைத்துக்கொண்டாள். அடுத்த மாவு உருண்டையை எடுத்தாள்.

"என்னத் தெரியாத சந்தையா பாத்துக் கட போடணும். புக்கிட் செலம்பாவ் காலைப் பசார். சனிக்கெழம எரநூறு சுட்டு எடுத்துட்டுப் போறேன். வித்தா லெட்டர் குடுப்பேன். மிஞ்சுனா கிழிச்சிடுவேன்."

"நான் மேசை தூக்கிட்டு வரட்டா?"

"நீங்க வந்தா அம்பது வாங்கிட்டுப் போவீங்க. அந்தப் பக்கமே வரக்கூடாது."

6

(இங்கே மழை பற்றி ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். அன்று மழை இல்லை.)

7

இதை வெள்ளிக்கிழமை மத்தியானம் எழுதுகிறேன். நாளைதான் சனி. முடிவை வாசகரிடம் விடுவதாகத்தான் திட்டம். அவளைத் தெரியாத, நியாயமான ஆள் நீங்கள்தான் என்று கடைசி வரியைக்கூட எழுதி வைத்திருந்தேன்.

ஆனால் இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள். கைப்பையில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். மேசைமுன் நின்றால் பத்து வாங்குவீர்கள். என் கதை உங்களையும் சர்ச் ஆளாக்கிவிட்டது. மன்னியுங்கள்.

ஆகவே இதைப் படிக்காத ஒருவரிடம் முடிவை விடுகிறேன். நாளைக் காலை அவர் பசாருக்கு மீன் வாங்க வருவார். எண்ணெய் வாசனைக்கு நிற்பார். பெயர் கேட்கமாட்டார். "எவ்ளோ?" என்பார். ஒரு வெள்ளி கொடுத்து ஒன்று வாங்கி, நின்றபடியே கடிப்பார்.

முதல் கறிபாப்பைப் பசியில் யார் வேண்டுமானாலும் வாங்குவார்கள். அவர் இரண்டாவது கேட்கிறாரா என்பதுதான் விஷயம்.

போய்ப் பார்க்க எனக்கும் ஆசைதான். வேண்டாம். நீங்களும் நானும் லூனாஸிலேயே இருப்போம்.