ஆர்லிஸின் வாசலில் நாலு பேர்

பெயிண்ட் வாங்கத்தான் ஆரின் அந்தக் கடைக்குப் போனான். கல்யாணமான புதிது. விஸ்கான்சினில், ஏரிக்கரையோரம் ஒரு சின்ன ஊர். கடையின் பின்கட்டில் மூன்று பேர் வாத்தியம் ஏதுமில்லாமல் பாடிக்கொண்டிருந்தார்கள். நாலாவது ஆள் வரவில்லை என்று இவனை இழுத்து நிறுத்தினார்கள். இருட்டிய பிறகு வெறுங்கையோடு வீடு திரும்பினான். பெயிண்ட் நினைவே இல்லை.

பார்பர்ஷாப் என்கிற இந்த வாத்தியமில்லாப் பாட்டுக்கு நாலு குரல் வேண்டும். மெட்டைப் பாட ஒருவன், அதற்கு மேலே மெல்லிய குரலில் ஒருவன், அடியில் கனத்த குரலில் ஒருவன். இவர்கள் எடுத்துக்கொண்டது போக மிஞ்சிய சுரங்கள் பாரிடோன் என்கிற நாலாவது குரலுக்கு. ஆரினுக்கு வாய்த்தது அதுதான். வீட்டில் அவன் தன் பங்கைத் தனியாகப் பாடிப் பார்க்கும்போது அவன் மனைவி ஆர்லிஸ் ரேடியோவைத் திருகிச் சத்தமாக வைப்பாள்.

அடிக்குரல் பாடிய கசாப்புக் கடைக்கார நார்பர்ட்டும் கேலி செய்வார். "நீ தனியா பாடினா பல்வலிக்காரன் முனகுற மாதிரி இருக்கு. எங்களோட சேந்துதான் நீ மனுசன்."

அது உண்மை என்று ஆரினுக்கும் தெரியும். நாலு குரலும் இம்மி பிசகாமல் கலந்துவிட்டால், யாருமே பாடாத ஐந்தாவது குரல் ஒன்று தலைக்கு மேலே எழும். ஏதோ மணியை யாரோ விரலால் தொட்டுவிட்டுப் போனது போல ஒரு கணம் நிற்கும், பிறகு இருக்காது. பள்ளிக்கூட பஸ் ஓட்டும்போது, ஏரியிலிருந்து மூடுபனி ஏறி வரும் காலைகளில், அந்தக் குரல் பஸ்ஸுக்கு முன்னால் போய்க்கொண்டிருப்பதாக அவனுக்குத் தோன்றும். ஆர்லிஸிடம் சொன்னான். அவள் ஒருமுறை வந்து உட்கார்ந்து கேட்டாள். நாலு பேர் பாடியது நன்றாக இருந்தது என்றாள், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை மட்டும் என்று ஆரம்பித்த பாட்டு, சனி ஞாயிறுகளையும் தின்றது. ஒரு வசந்தத்தில் அவள் அமைதியாகச் சொன்னாள்: "உன்மேல எனக்குக் கோவம் இல்ல ஆரின். வீட்ல இருக்கும்போதும் நீ இங்க இல்ல, அதான்."

சண்டையில்லாமல் பிரிந்தார்கள். வருடங்கள் போயின. மெட்டுப் பாடியவர் வெயிலைத் தேடி அரிசோனா போனார். குழு கலைந்தது, வேறொன்று சேர்ந்தது, அதுவும் கலைந்தது. நார்பர்ட்டும் ஆரினும் மட்டும் மிஞ்சினார்கள். மூன்றாவது குழுவில் டுவேனும் லைலும் வந்து சேர்ந்தார்கள்.

காதலர் தினத்தில் வீடு வீடாகப் போய், சொல்லி அனுப்பியவர் சார்பில் ஒரு ரோஜாவும் ஒரு பாட்டும் கொடுப்பது அவர்கள் வழக்கம். அந்த வருடம் காரில் டுவேன் அடுத்த விலாசத்தைப் படித்துவிட்டு, சட்டென்று ஆரினைத் திரும்பிப் பார்த்தான். ஆர்லிஸின் வீடு. படகு பழுதுபார்க்கும் வெண்டெல் சொல்லியனுப்பியது.

"நீ வண்டியிலயே இரு," என்றார் நார்பர்ட்.

"மூணு பேரா போயி என்னத்தப் பாடுவீங்க?" என்று ஆரின் இறங்கினான்.

கதவைத் திறந்தவள் அவனைப் பார்த்தாள், கோடு போட்ட அவன் சட்டையைப் பார்த்தாள், விலகி உள்ளே விட்டாள். குறுகலான நடைவழி. ஜன்னலில் பனியின் நீலவெளிச்சம். பாடினார்கள். இன்னொருவனின் காதலுக்கு ஆரின் தன் மிச்ச சுரங்களைக் கொடுத்தான்; கசப்பு வரும் என்று காத்திருந்தான், வரவில்லை. கடைசி வரியில் அந்த ஐந்தாவது குரல் எழுந்தது. தாழ்ந்த கூரையில் பட்டு, விளக்கின் கண்ணாடியைச் சிலிர்க்க வைத்தது.

ஆர்லிஸ் அண்ணாந்து பார்த்தாள். பிறகு திரும்பி, ஆளில்லாத அறையைப் பார்த்தாள்.

"இதத்தான் அன்னிக்குச் சொன்னியா?"

"ஆமா."

"நீ சரியாவே சொல்லல ஆரின்."

"சொல்ல வரல," என்றான். ரோஜாவை அவள் கையில் கொடுத்தது அவன்தான்.

இலையுதிர் காலத்தில் அவள் வெண்டெலை மணந்தாள். மேல்குரல் பாடிய லைல் குளிரைத் தாங்காமல் தெற்கே குடிபோனபோது, வெண்டெல் ஒரு செவ்வாய்க்கிழமை தயங்கித் தயங்கிப் பின்கட்டுக்கு வந்து நின்றான். அவனுடைய பெரிய உடம்புக்குள் மெல்லிய குரல் ஒன்று ஒளிந்திருந்தது.

மறுநாள் ஆர்லிஸ் ஆரினுக்குப் போன் செய்தாள். "அவன நல்லா பாட வையி. ஆனா வாரத்துல ஒரு நாள்தான். மத்த நாள்ல வந்தான்னா வீட்டுக்குத் துரத்திரு."

ஆரின் அப்படியே செய்தான். வியாழக்கிழமைகளில் வெண்டெல் போனில் கெஞ்சுவான், இன்னும் ஒரு தடவை பாடிப் பார்க்கலாம் என்று. "ஆர்லிஸ் சாப்பிடக் காத்திருப்பா, போ," என்று சொல்லி ஆரின் போனை வைத்துவிடுவான். பிறகு தனியாக, ஏரிப்பக்கம் நடந்துவிட்டு வருவான்.