முக்காலி வேண்டாம்

மூன்றரை அடி மல்யுத்த வீரன் தங்கையா, கண்டி கானிவலில் இருபது வருஷம், நடுவர் மூன்று எண்ணும்வரை மல்லாந்து கிடந்து தோற்றே பிழைத்தான். குள்ளன் ஜெயித்தால் சனம் சிரிக்காது என்பது முதலாளியின் சட்டம். ஒருதடவையாவது ஜெயிக்கும் ஆசை தீராமலே பிரியாவிடை வந்தது.

பொன்னாடை போர்த்த வந்த மந்திரி குனியாதிருக்க, கோதாவுக்குள் முக்காலி வைத்தார்கள்.

"ஏறி நில்லுடா. ஐயாவுக்கு இடுப்பு வலிக்கும்," என்றார் முதலாளி.

"ஓட்டுக் கேக்க வந்தப்ப எங்க தோட்டத்து லயத்து வீட்டு வாசல்ல நல்லாத்தானே குனிஞ்சாருங்க?" என்றான் தங்கையா.

சனம் கைதட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்த மந்திரி, இடுப்புப் பிடித்துக்கொள்ள உருண்டு மல்லாந்தார். தூக்கிவிடத் தங்கையா அவர் தோளில் கைவைத்தான். பக்கத்தில் நின்ற நடுவர் பழக்கதோஷத்தில் தரையைத் தட்டினார்.

"ஒன்னு! ரெண்டு!"

தங்கையா கையை எடுக்கவில்லை.

"மூணு!"