பதினேழாம் நம்பர் மரம்

முருகம்மாள் இருபது வருஷமாக எங்கள் மாட்டுங்கா சொசைட்டியின் மதிலோரத் தூங்குமூஞ்சி மரத்தடியில் இஸ்திரி போடுகிறாள். காலை எட்டு மணிக்குத் தாராவியிலிருந்து வந்து மேஜையைப் போட்டால் சாயங்காலம்வரை நகரமாட்டாள். எல்லோர் துணியிலும் உள்மடிப்பில், யார் கண்ணிலும் படாமல், வீட்டுக்கு ஒரு நிற நூலில் தையல் போட்டு வைப்பாள். எங்கள் வீட்டுக்குக் கறுப்பு நூல், இரண்டு தையல். இத்தனை வருஷத்தில் ஒரு கைக்குட்டைகூட வீடு மாறிப் போனதில்லை. மரத்தை மாற்றியவன் நான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், வங்கியிலிருந்து ரிடையர் ஆகி, என் மனைவி ருக்குவின் பிராணனை வாங்கிக்கொண்டிருந்த என்னிடம் சொசைட்டி இந்த வேலையைக் கொடுத்தது. மரங்களுக்கெல்லாம் நம்பர் போட வேண்டும். பெயிண்டில் எழுதினால் இரண்டு மழைக்குத் தாங்காது. பெரிய தகடு அடித்தால் பழைய சாமான்காரனுக்குப் போய்விடும். வனத்துறையில் இருந்து ஓய்வு பெற்ற வேங்கடசுப்ரமணியன் ஒரு வழி சொன்னார். பழைய எட்டணா அளவில் அலுமினியத் தகடு, அதில் நம்பரைக் குத்தி, கணுக்கால் உயரத்தில், மதிலைப் பார்த்த பக்கமாக அடிப்பது. தேடுகிறவனுக்கு மட்டும்தான் கிடைக்கும்.

அவர் நிழல் இருந்த பக்கமாகவே நடந்து, மரங்களைத் தட்டித் தட்டிப் பார்த்து, சாக்பீஸால் நம்பர் எழுதிக்கொண்டு போனார். வரிசை கிரிசை ஒன்றும் கிடையாது. நோட்டில் பதினெட்டுக்கு நேரே மட்டும் 'வேரில் அழுகல், நாளடைவில் சாயும்' என்று எழுதினார்.

"ஆணியை முழுசா இறக்கிடாதேள், கிட்டு. ரெண்டு விரக்கடை வெளில நிக்கட்டும். மரம் பருக்கும், தகட்டை முழுங்கிடும்" என்றார்.

துருத்திக்கொண்டு நிற்கும் ஆணியைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. அவர் கொடுத்த அலுமினிய ஆணி வளைகிறது என்று நானே இரும்பு ஆணி வாங்கிவந்து, தலை பட்டையோடு படியும்வரை அடித்தேன். கெட்டிக்காரத்தனம்.

இந்த மே மாதம் பதினெட்டாம் நம்பரை வெட்ட முனிசிபாலிட்டி அனுமதி வந்தது. மழைக்கு முன் வெட்டியாக வேண்டும். மதிலோரம் தூங்குமூஞ்சி இரண்டுதான், பதினேழும் பதினெட்டும். குனிந்து தேடினால் இரண்டிலும் தகடு இல்லை. மரங்கள் முழுங்கிவிட்டன. மேலே பார்த்தால் இரண்டும் ஒரே பச்சை.

"அங்கிள், கௌன்ஸா? எது பதினெட்டு?" என்றாள் செக்ரெட்டரி வந்தனா. கமிட்டிக்காரர்கள் நால்வர் பின்னால் நின்றார்கள். தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். சான்பாடாவில் மகன் வீட்டில் இருக்கும் வேங்கடசுப்ரமணியனுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். ஆணியை முழுசா அடிச்சேளா என்றுதான் முதலில் கேட்பார். நான் கையை நீட்டி ஒரு மரத்தைக் காட்டினேன்.

முருகம்மாள் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"சார், இது பதினேழுல்லா? அன்னைக்கி ஆணி அடிச்சிட்டு நீங்கதான சொன்னிய, முருகம்மா ஒன் மரம் பதினேழுன்னு?"

அவள் சொன்னதும் எனக்கும் நினைவு வந்தது. சத்தியமாக வந்தது. ஆனால் நீட்டிய கையை எப்படி மடக்குவது?

"உனக்கு நம்பரைப் பத்தி என்ன தெரியும்? மேஜையை அந்த மரத்தடிக்கு மாத்திக்கோ" என்றேன்.

"பக்கா, அங்கிள்?"

"பக்கா."

கிளைகளை இறக்கிவிட்டு மறுநாள் அடிமரத்தில் மோட்டார் ரம்பத்தை வைத்தார்கள். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அதன் பல் சங்கிலி அறுந்து தெறித்தது. "அந்தர் லோஹா ஹை!" என்று கத்தினான் வெட்டுகிறவன். உள்ளே இரும்பு. உளியால் தோண்டி அவன் எடுத்ததை வாங்கிக் கட்டைவிரலால் துடைத்தேன். 17. சுற்றிலும் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். வெட்டுவாயில் கட்டை முழுக்கச் சுத்தமாக இருந்தது, துளி அழுகல் கிடையாது.

நாலு நாள் அந்தத் தகடு என்னிடமே இருந்தது. பால்கனியில் நின்றால் முருகம்மாள் அடுத்த மரத்தடியில் துணி மடிப்பது தெரியும். மத்தியானம் அவள் மகள் மாரீஸ்வரி சோறு கொண்டுவந்து அங்கேயே முந்தானையை விரித்துப் படுப்பாள். அங்கேயே ஏன் நிற்கிறேன் என்று கேட்ட ருக்குவிடம் காற்று வாங்க என்று பொய் சொன்னேன். வெட்கங்கெட்டவன் நான், மழை தள்ளிப்போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேனே தவிர, மாடியிறங்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை பதினொரு மணிக்குக் காற்று கிளம்பியது. பால்கனிக் கொடியில் துணி பறந்தது. செருப்புக்கூடப் போடாமல் இறங்கி ஓடினேன்.

தகட்டை அவள் மேஜைமேல் வைத்தேன். "வெட்டின மரத்துக்குள்ள இருந்தது."

அவள் எடுத்துப் பார்த்தாள். எண் வாசிக்கத் தெரியும் அவளுக்கு. அண்ணாந்து பார்த்தாள்.

"அப்பம் நான் நிக்கது?"

"பதினெட்டு. காத்துக்கு சாஞ்சுடும். மொதல்ல இங்கேருந்து வா. தப்பு என்னோடது, முருகம்மா. அன்னிக்கே தெரியும் எனக்கு."

"அன்னைக்கேவா?" என்றாள். பிறகு மெதுவாக, "எம்மவ இதுக்கடியிலதான சார் ஒறங்குதா."

மேஜையின் ஒரு பக்கத்தை அவள் பிடித்தாள், மறுபக்கத்தை நான் பிடித்தேன். கேட் அருகே, சுள்ளென்ற வெயிலில் கொண்டுபோய்ப் போட்டோம். நிழல் என்று அங்கே ஒன்றும் இல்லை.

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். டப்பாவிலிருந்து ஊசியை எடுத்து, என் வீட்டுத் துணிமூட்டையை இழுத்து, ஆணி போன ஓட்டை வழியே விட்டு அந்தத் தகட்டை மூட்டையோடு சேர்த்துத் தைத்தாள். கறுப்பு நூல், இரண்டு தையல்.

"இது ஒங்க வீட்டு உருப்படி சார். மாறிரக்கூடாது."

மூட்டையைத் தூக்கிக்கொண்டு நான் வந்தனா வீட்டுக்குப் படியேறினேன்.