காலி என்று காட்டிய முள்

"நான் பஸ்லயே போய்க்கிடுதேன், எப்பா" என்று பெனிஷா சொன்னதும் ஜேசுபாதத்துக்குச் சோறு இறங்கவில்லை. மகள் மேல் தப்பே கிடையாது. போன தடவை குரூப் ஃபோர் தேர்வு அன்று, "டீசல் கிடக்கும், கிடக்கும்" என்று அடித்துச் சொல்லி, அவளைப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு நாசரேத்திலிருந்து கிளம்பினவர் அவர்தான். ஏரல் தாண்டி வண்டி விக்கி விக்கி நின்றது. ஆட்டோ பிடித்து அவள் தூத்துக்குடிக்குப் போய்ச் சேர்ந்தபோது தேர்வுக் கூடத்தின் கேட்டைச் சாத்திவிட்டார்கள். அவள் ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை.

இப்போது மறுபடியும் தேர்வு, நாளைக் காலையில்.

வேம்பார் அளத்திலிருந்து பன்னிரண்டு வருடமாக உப்பு சுமக்கிற வண்டி அது. டேங்க் மேல் வயர்களை இணைக்கிற கப்ளரை உப்பு தின்றே தீர்த்துவிட்டது. மிச்சம் கிடந்தவை மொட்டை வயர்கள்தான். கப்ளர் இல்லாமல் டேங்க்குக்குள் இருக்கும் மிதவை சொல்வது டேஷ்போர்டு முள்ளுக்கு எப்படி எட்டும்? மனுஷர் வாரியல் ஈர்க்கை உள்ளே விட்டு டீசல் அளந்தே காலத்தை ஓட்டினார். அன்றைக்குப் பார்த்து அவசரத்தில் அதையும் மறந்திருந்தார்.

மத்தியானம் புதுக் கப்ளரோடு வண்டிக்கு அடியில் படுத்தார். டேங்க்கை இறக்கி, பச்சை பூத்த செம்பைச் சுரண்டி, மாட்டி முடித்து, சாவியைத் திருப்பினார். முள் துள்ளிக்கொண்டு போய் முழு டேங்க்கில் நின்றது.

"ஏளா, இங்கன வந்து பாரு!"

பெனிஷா எட்டிப் பார்த்தாள். அவள் முகம் இளகியது. "சரிப்பா. வண்டிலயே போவோம்."

எத்தனை நாளாகக் காத்திருந்த வார்த்தை! ஆனால் முந்தாநாள் அவர் ஊற்றியது அஞ்சே லிட்டர். பேசாமல் பங்க்கில் போய் நிரப்பிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று மனசு ஒரு நிமிஷம் கணக்குப் போடத்தான் செய்தது. போன தடவையும் இதே மனசுதானே "கிடக்கும், கிடக்கும்" என்றது?

"நம்பாத ஏளா" என்றார். "இது பொய்ச்சாட்சி சொல்லுது. டேங்க்ல அஞ்சு லிட்டர்தான் கிடக்கு. நான் எங்கயோ தப்பா மாட்டிட்டேன்."

மறுபடியும் பஸ்ஸிலேயே போகிறேன் என்றுவிடுவாள் என்று நினைத்தார். அவளோ துப்பட்டாவை இழுத்துக் கட்டிக்கொண்டு, செல்போன் லைட்டோடு வண்டிக்கு அடியில் நுழைந்தாள். உப்புக் காற்றில் வயர் இரண்டும் ஒரே நிறமாக வெளுத்துப் போயிருந்தன. எர்த் வயரை அவள் சேஸிஸ் வரைக்கும் விரலால் தடவிக்கொண்டே போனாள்.

"எப்பா, இது ரெண்டும் எடம் மாறிக் கிடக்கு."

மாற்றி மாட்டினார்கள். சாவியைத் திருப்பினார். முள் கொஞ்சம் யோசித்துவிட்டு, அடியை ஒட்டி நின்றது.

"காலி!" பெனிஷா கைதட்டினாள். "எப்பா, காலின்னு காட்டுது!"

காலி டேங்க்குக்கு இப்படி ஒரு கொண்டாட்டமா என்று எதிர்வீட்டு கிளாடிஸ் டீச்சர் வாசலுக்கே வந்துவிட்டார். ஜேசுபாதத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. துரு விழுந்துவிட்டது என்று டீச்சரிடம் சொல்லிச் சமாளித்தார்.

பெனிஷா முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"பங்க்குக்கு விடுங்க. முள்ளு எந்திரிக்கத நான் பாக்கணும். காலைல ஆறு மணிக்கு நாம கிளம்பணும்லா?"