குங்குமம் கலையாத கட்டிங் பிளேயர்

என் கணவர் ஸ்ரீகரின் நெற்றியில், இடது புருவத்துக்கு மேல், ஒரு தழும்பு உண்டு. கடந்த ஜனவரியில் கிருஷ்ணராஜசாகர் அணையின் பின்னீர்ப் பரப்பில் அவருடைய பழைய பாய்மரப் படகின் பூம் அடித்ததால் ஏற்பட்டது அது. படகைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பாயின் அடி விளிம்பைத் தாங்கியபடி, பாய்மரத்திலிருந்து படுக்கைவாட்டில் நீளும் அலுமினியக் குழாய்க்குத்தான் பூம் என்று பெயர். பின்னாலிருந்து வீசும் காற்று சற்றே திசை மாறினாலும் போதும், குனிவதற்கும் அவகாசம் தராமல் அது இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் பாய்ந்து வரும்.

மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் நான் ஒரே ஒரு நிபந்தனை விதித்தேன். பூமைச் சரிசெய்யட்டும். அதன் பிறகு நானே ஒரு முறை ஏறி வந்து பார்ப்பேன். மறுபடியும் அது அப்படிப் பாய்ந்தால், எந்த பெங்களூரு கிளப்பிலிருந்து படகு வந்ததோ அங்கேயே திரும்பிப் போய்விட வேண்டும். அவர் மறுக்கவில்லை. மறுக்காததுதான் எனக்கு வருத்தமாக இருந்தது. ஓய்வு பெற்ற பின்பு இரண்டு ஆண்டுகள் தொலைக்காட்சியின் எதிரிலேயே அமர்ந்திருந்த மனிதரை எழுந்து நடமாட வைத்தது அந்தப் படகுதான் என்பதை நான் அறியாதவள் அல்லள்.

படகில் பாதி உரிமை ஆறுமுகசாமி அவர்களுடையது. கொள்ளேகால்காரர். ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்தவர், விஜயநகரில் எங்களுக்கு அடுத்த தெருவில் வசிப்பவர். இருவருமாக எங்கள் கார் ஷெட்டில் டிரெய்லர் மேல் படகை நிறுத்திக்கொண்டு மாதக் கணக்கில் உழைத்தார்கள். சுழல மறந்துபோன பழைய கப்பிகளுக்குப் பதில் பால் பேரிங் வைத்த புதிய கப்பிகள் வந்தன. பாய்மரத்தோடு பூம் சேரும் இடத்தில் விரிசல் விட்டிருந்த மூட்டு மாற்றப்பட்டது. விறைத்துப்போன கயிறுகள் எல்லாம் தூக்கி எறியப்பட்டன.

எல்லாவற்றிலும் முக்கியமானது பூமுக்கான பிரேக். பூமின் அடியில் ஒரு சிறிய உருளை தொங்கும். அதில் சுற்றிய கயிறு படகின் இரு விளிம்புகளிலும் கட்டப்பட்டிருக்கும். பூம் எவ்வளவு வேகமாகப் பாய முயன்றாலும் கயிறு உருளையில் உராய்ந்து அதை மெதுவாகத்தான் விடும். அந்த உருளையைப் பூமோடு பிணைத்திருந்தது லாட வடிவத்தில் ஒரே ஒரு இரும்பு வளையம். அதன் வாயை அடைப்பது ஒரு திருகாணி.

ஆயுத பூஜையன்று மாலை அந்தக் கடைசித் திருகாணியை மாட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போது ஆறுமுகசாமியின் மனைவி ராணி, தாம்பாளத்தோடு வந்து நின்றாள்.

"ஏனுங்க, ஊரே பூஜை முடிச்சிருச்சு. அந்தக் கட்டிங் பிளேயரக் குடுங்க."

"ஒரே ஒரு திருகு ராணி, இறுக்கிட்டுத் தாரேன்."

"எல்லா ஸ்பேனரும் சாமிகிட்ட இருக்கு, அது மட்டும் ஏன் இங்க ஒத்தையில நிக்குது? குடுங்கன்னா."

"கொடுத்துடுங்கோ சார்," என்றார் என் கணவர் சிரித்துக்கொண்டே, வழக்கம்போல் கன்னடம் கலந்து. "மேடத்துக்கிட்ட வாதம் பேடா, வேண்டாம். நாளைக்குக் கார்த்தாலே இறுக்கிண்டா ஆச்சு, அல்வா, சரிதானே?"

ஆறுமுகசாமி விரல்களால் இயன்றவரை திருகிவிட்டுக் கருவியை ஒப்படைத்தார். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை எடுக்கக் கூடாது என்பது எங்கள் இரு வீட்டிலும் ஒரே வழக்கம். ராணி அதற்குச் சந்தனம் பூசிப் பெரிய குங்குமப் பொட்டு வைத்தாள். பின்பு படகுக்கும் பொட்டிட்டு, மஞ்சள் நூலைக் கையில் எடுத்துக்கொண்டு இடம் தேடினாள். திருகாணியின் தலையில் ஒரு துளை இருந்தது. அதன் வழியே நூலை விட்டு, வளையத்தோடு சேர்த்துச் சுற்றிச் சுற்றி இறுக்கி முடிந்தாள்.

மறுநாள் விஜயதசமி. நகரமே தசரா யானை ஊர்வலமான ஜம்பு சவாரியைப் பார்க்க அரண்மனையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. சாலைகளை அடைப்பதற்கு முன்பு கிளம்பிவிட வேண்டும் என்ற பரபரப்பில் நாங்கள் எதிர்த்திசையில் படகை இழுத்துச் சென்றோம். கிளம்பும்போது என் கணவர் கத்தரிக்கோலோடு நூலை நெருங்கினார்.

"அய்யய்யோ, தானா விழற வரைக்கும் கை வைக்கப்படாதுங்க!" என்று தடுத்தாள் ராணி.

"புதுப் பார்ட்டுல நூலாம்மா? பார்க்கறவா சிரிப்பா."

"சிரிச்சா சிரிக்கட்டும். உங்க மண்டைக்குத்தானுங்களே கட்டியிருக்கேன்?"

அவர் தழும்பைத் தடவியபடி பின்வாங்கினார். ராணி தண்ணீருக்குப் பயந்தவள், எங்களை வழியனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

பின்னீரில் காற்று இதமாக இருந்தது. சுக்கான் என் கணவரிடம், கயிறுகள் ஆறுமுகசாமியிடம். உயிர்காப்பு அங்கியோடு நான் நடுவில். தாகத்துக்குத் தண்ணீர் எடுக்கலாம் என்று என் காலடியிலிருந்த பையைத் திறந்தேன். மேலாகக் கட்டிங் பிளேயர் இருந்தது. அதன் பிடியில் சந்தனம் காய்ந்திருந்தது. குங்குமப் பொட்டு வட்டமாக, ஓரம்கூடக் கலையாமல் இருந்தது.

அதை யாரும் கையில் எடுக்கவே இல்லை.

"ஏன்னா," என்றேன். "ஏன்னா, அந்தத் திருகாணி..."

அதற்குள் பாய் ஒரு முறை தொய்ந்தது. "காத்து மாறுது! குனிங்க எல்லாரும்!" என்று கத்தினார் ஆறுமுகசாமி. ஜனவரியில் கேட்டதாக என் கணவர் விவரித்த அதே படபடப்பு தலைக்கு மேல் எழுந்தது. நான் அவருடைய சட்டையைப் பற்றி இழுத்துக் கண்களை மூடிக்கொண்டேன்.

கேட்டது மோதல் ஒலி அன்று. ஒரு நீண்ட கிறீச்சொலி.

கண்களைத் திறந்தபோது பூம் எங்கள் தலைக்கு மேலே, மனமில்லாமல் வெளியேறும் விருந்தாளியைப் போல், மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. உருளையில் கயிறு முனகியபடி உராய்ந்தது. பூம் மறுபக்கம் போய் அமைதியாக நின்றது.

"பார்த்தியோ?" என்றார் என் கணவர், குழந்தையைப் போல. "எப்படிப் போறது பார்த்தியோ?"

நான் பிளேயரை எடுத்து ஆறுமுகசாமியிடம் நீட்டினேன். அவர் பொட்டைப் பார்த்தார். பிறகு மேலே பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

பாயை இறக்கிவிட்டு மூவரும் அண்ணாந்து பார்த்தோம். டிரெய்லரின் குலுக்கலிலோ என்னவோ, திருகாணி பாதிக்கு மேல் கழன்றிருந்தது. மேலும் சுழல முடியாமல் அதன் தலையை இழுத்துப் பிடித்திருந்தது மஞ்சள் நூல். ஈரத்தில் அது இன்னும் இறுகி, வளையத்தில் பதிந்திருந்தது.

"மறந்தே போயிட்டேனுங்க," என்றார் ஆறுமுகசாமி. "முப்பது வருசமா அடுத்தவனுக்கெல்லாம் செக் பண்ணு செக் பண்ணுன்னு சொன்னவன்..."

"நானும்தானே சார் மறந்தேன். கத்தரிக்க வேற போனேன்." என் கணவர் நெற்றித் தழும்பின் மேல் கையை வைத்தவர் எடுக்கவே இல்லை. "ராணி மேடத்துக்கிட்ட இதைச் சொல்லணுமா?"

"சொன்னா அடுத்த வருசம் என்னையும் சேத்துத் தாம்பாளத்துல உக்கார வெச்சு நூலச் சுத்திருவா."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை. கண்ணீரும் சேர்ந்து வந்தது. இருவரும் பதறி என்னைப் பார்த்தார்கள். என் கணவர் மெல்லக் கேட்டார்:

"அப்போ, பெங்களூருக்குப் போன் பண்ணிடவா?"

அவர் நீர்ப்பரப்பைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

"முதல்ல அதை நன்னா இறுக்கச் சொல்லுங்கோ," என்றேன். "நூலை அவிழ்க்கப்படாது. அப்புறம் இன்னொரு தரம் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் விடுங்கோ. இந்தத் தடவை நான் கண்ணை மூடாமல் பார்க்கணும்."

ஆறுமுகசாமி பிளேயரை வாங்கினார். குங்குமத்தின் மேல் விரல் பட்டபோது ஒரு நொடி தயங்கிக் கண்களில் ஒற்றிக்கொண்டு, திருகாணியை இறுக்கினார். என் கணவர் பாயை ஏற்றத் தொடங்கினார்.